ஜெலாப்பாங்கில் காலி நாற்காலிகள்

ஈப்போ,
3 மார்ச் 2024

அன்புத் தங்கச்சி மாதுமைக்கு,

நாங்கள் நலம். உன் அண்ணிக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை.

நீ அனுப்பிய விளம்பரத் திட்டத்தைப் படித்தேன். ஜெலாப்பாங்கில் நம் சங்கம் நடத்தும் இலவச டயாலிசிஸ் மையத்தில் பாதி நாற்காலிகள் காலியாகக் கிடப்பது உண்மைதான். அதற்காகப் பசார் மாலாம் இரவுச் சந்தையில் மைக் பிடித்து ஆள் சேர்க்கச் சொல்கிறாயா? நாம் என்ன பற்பசையா விற்கிறோம்? நான் காலமெல்லாம் அரசாங்க அலுவலகத்தில் இருந்தவன். தேவைப்பட்டவன் தேடி வந்தான். ஒருவனையும் நான் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்ததில்லை.

நன்கொடைப் பணத்தில் விளம்பரத்துக்கு ஒரு காசு கிடையாது. செயற்குழுவும் அப்படியே சொல்லிவிட்டது. ஜூலையில் ஆண்டு விருந்து இருக்கிறது, வந்துவிடு.

அன்பு அண்ணன்,
ஐயாத்துரை
தலைவர்


கோலாலம்பூர்,
12 மார்ச் 2024

தலைவர் அண்ணாவுக்கு,

தங்கைக்கு எழுதும் கடிதத்திலும் 'தலைவர்' என்று கையெழுத்துப் போடும் ஒரே அண்ணன் நீங்கள்தான். அண்ணிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

விளம்பரத்துக்குக் காசில்லையா? போன வருட விருந்தில் ஆளுக்கொரு பொன்னாடை, இடுப்புவரை தொங்கும் மாலை, வழவழப்பான ஆண்டு மலர். அந்த மலரில் உங்கள் அத்தனை பேர் படமும் முடிந்த பிறகு, கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் மையத்தின் விலாசம். அதை வாங்கிப் போன டாக்டர்களுக்கும் வக்கீல்களுக்குமா இலவச டயாலிசிஸ் வேண்டும்? மையத்தின் பலகையோ பின்பக்கத்துச் சந்துப் பக்கம் பார்த்து மாட்டியிருக்கிறது. சங்கத்தின் பெயர் முழ நீளத்துக்கு இருக்கிறது. இலவசம் என்ற சொல் எங்கே அண்ணா? சேவை செய்கிறீர்களா, ஒளிந்து விளையாடுகிறீர்களா?

இப்படி ஒன்று இருக்கிறது என்று சொல்வதும் சேவைதான். மருந்துக்கு ஒதுக்குவதுபோல் அதற்கும் ஒதுக்குங்கள். சொல்லத் தெரியாவிட்டால் தெரிந்தவர்களிடம் கேளுங்கள். அதற்குத்தான் நான் படித்தேன்.

என்றும் உங்கள்,
மாதுமை


ஈப்போ,
20 மார்ச் 2024

மாதுமைக்கு,

சோப்பு விளம்பரம் எழுதிப் பிழைப்பவள் எனக்குச் சேவை கற்றுத்தர வேண்டாம். உன் திட்டத்தைக் குப்பையில் போட்டாயிற்று. விருந்துக்கும் நீ வர வேண்டியதில்லை.

தைலம் கிடைத்தது என்று அண்ணி சொல்லச் சொன்னாள்.

ஐயாத்துரை
தலைவர்


ஈப்போ,
9 ஜூலை 2024

அன்புத் தங்கச்சி,

அப்படி எழுதியவனுக்கு நீ பதில் போடாதது நியாயம்தான். இதையாவது படி.

விருந்துக்கு மாலை சொல்லப் போனேன். மையத்துக்குக் கீழே, முன்பக்கம் பிச்சைமுத்துவின் பூக்கடை உண்டு. எங்கள் மாலைகளை எப்போதும் அவர்தான் கட்டுவார். கடை பூட்டியிருந்தது. வீட்டுக்குப் போனால் கருமாதியே முடிந்திருக்கிறது. சிறுநீரகக் கோளாறு. தனியார் நிலையத்தில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவர், கட்டுப்படியாகாமல் பாதியில் நிறுத்திவிட்டாராம்.

"எங்கள் மையத்துக்கு வந்திருக்கலாமே, இலவசமாயிற்றே," என்று அவர் மனைவி ராக்காயியிடம் சொன்னேன். பெருந்தன்மையாகப் பேசுவதாக எனக்கு நினைப்பு.

"என்னங்கய்யா சொல்றீங்க? உங்க சங்கம் மாலை போட்டுக்கிற சங்கம்னுதானே நாங்க நெனச்சோம். வருசா வருசம் அவருதானே கட்டிக் கொடுத்தாரு," என்றார் அந்த அம்மா.

அந்தப் பேச்சில் கோபமும் இல்லை, ஏளனமும் இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். அவர் தலைக்கு மேலேதான் அந்த நாற்காலிகள் காலியாகக் கிடந்தன, மாதுமை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

விருந்தை நிறுத்திவிட்டேன். ஆண்டு மலருக்குப் படம் எடுத்து வைத்துக்கொண்டவர்கள் முனகுகிறார்கள். முனகட்டும், மானங்கெட்ட கூட்டம். அதற்குத் தலைவன் நான்தான்.

உன் திட்டம் குப்பைக்குப் போனது உண்மை. இன்னொரு பிரதி கொண்டு வா. விருந்துப் பணம் அப்படியே இருக்கிறது. பலகையை முன்பக்கம், பூக்கடைக்கு மேலே மாட்ட வேண்டும். அதற்கு ராக்காயியிடம் கேட்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை, நீ கேள்.

இலவசம் என்று பெரிதாக எழுது. என் பெயர் வேண்டாம்.

அண்ணன்