கேக் போகும் கார்

2025 ஏப்ரல் 28, திங்கள்

மூன்று தட்டுக் கல்யாணக் கேக் இன்று காருக்குள்ளேயே சரிந்தது. குழித்துறையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது ஏசி நன்றாகத்தான் இருந்தது. தக்கலை தாண்டியதும் காற்று சூடாக வந்தது. வில்லுக்குறியில் லாரி வரிசை. திரும்பிப் பார்த்தால் மேல்தட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து, கிரீம் ரோஜாக்கள் பலகையில் கிடக்கின்றன.

நாகர்கோவில் மண்டபத்தில் மேல்தட்டை எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கத்தியால் வழித்து ஒருவழியாக நிறுத்தினேன். எனக்கு ஆர்டர் தரும் கல்யாணக் காண்ட்ராக்டர் ரசலையன் அண்ணன் எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஜாஸ்மி, இது கேக்கா, பாயாசமா? கரண்டி கொண்டு வரச் சொல்லட்டா?"

சிரித்தேன். வேறென்ன செய்ய? பிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: மே 15 பெரிய இடத்துக் கல்யாணம், ஐந்து தட்டு. அது நேராக வந்து நின்றால் அவர் எடுக்கும் கல்யாணம் எல்லாவற்றுக்கும் கேக் என்னுடையது. சாய்ந்தால் நாகர்கோவில் பேக்கரிக்கு.

குக்கரில் மணல் போட்டுக் கேக் சுட்டு வீடுவீடாக விற்றவள் நான். பாயாசம் என்று பெயர் வாங்கவா இவ்வளவும்?

ஏப்ரல் 29

பாலத்தடிக் கடையில் மெக்கானிக் கார் ஏசிக்குக் கேஸ் நிரப்பினான். ஜில்லென்று காற்று. "கேஸ் தீந்துட்டு, அவ்வளவுதான்" என்றான். அடுப்பு கேஸ் எரிந்து தீரும். இது எங்கே எரிகிறது என்று கேட்டேன். "கேஸ்னா போவும்லா அக்கா." முட்டைக்காரன் இப்படிப் பதில் சொல்லியிருந்தால் அன்றே ஆளை மாற்றியிருப்பேன்.

மே 4, ஞாயிறு

சபைக்குப் போகும் வழியில் ஏசி காற்று மறுபடியும் சூடு. கண்ணை மூடி ஜெபித்தால் ஐந்து தட்டுதான் தெரிகிறது.

மே 5

வாடகைக்கு ஏசி கார் கேட்டுப் பார்த்தேன். கிரீம் படும், சீட்டைக் கழற்ற முடியாது என்கிறார்கள். என் காரில்தான் பின்சீட்டைக் கழற்றிப் பலகை போட்டிருக்கிறது. ஆக, இதைச் சரியாக்குவதுதான் வழி. அழகியமண்டபத்தில் சிஜின், கத்தாரில் கார் ஏசி வேலை பார்த்து வந்தவன், நாளை வரச் சொல்லியிருக்கிறான்.

மே 6

சிஜின் கேஸ் பக்கமே போகவில்லை. "ஓட்ட எங்கன்னு பாத்துட்டு மத்தத பேசுவோம்க்கா." குழாய்களில் நைட்ரஜன் அடைத்து, இணைப்புகளில் சோப்பு நுரை பூசினான். முன்பக்கம் ஒரு குமிழியும் வரவில்லை. "உள்ளதான் இருக்கு. டேஷ்போர்டு முழுசும் பிரிக்கணும்."

எனக்கு ஒரே வெப்ராளம், பதற்றம். "பூட்டும்போ ஸ்குரூ மிச்சம் வந்தா என்ன செய்வ?"

"ஒங்க கேக்குல குத்தி வச்சிருங்க."

மே 7, புதன்

கூலிங் காயில் வெளியே வருவதற்கு முன்பே நாற்றம் வந்தது. அலுமினியத் தகடெல்லாம் வெள்ளையாகப் பொரிந்து, ஊசி குத்தினாற்போல ஓட்டைகள்.

"அக்கா, இந்தக் காருல ஆசிட் கொண்டு போவியளா?"

"கேக் மட்டுந்தான்" என்றேன். சொல்லும்போதே தெரிந்துவிட்டது. அந்த நாற்றம் எனக்குத் தெரியாதா? கல்யாணமான நாள் முதல் அதைச் சட்டையிலிருந்து துவைத்து எடுக்கிறேன். வீட்டுக்காரர் ஜாஸ்பருக்கு ரப்பர்த் தோட்டம். பால் உறைய ஊற்றும் ஆசிட் அது. சிரட்டையில் உறைந்து நாறும் ஒட்டுப்பாலும் கூட. நான் அடுப்படியில் நிற்கும் நேரம் பார்த்து ஆசிட் கேனையும் ஒட்டுப்பால் சாக்கையும் என் பலகையில் ஏற்றியிருக்கிறார்!

கிறிஸ்துமஸிலிருந்து காருக்குள் துபாய் ஸ்பிரே மணம். எனக்காக அடிக்கிறார் என்று நினைத்தேனே — பைத்தியக்காரி.

சிஜின் இன்னொன்றும் சொன்னான். "உள்காத்தே சுத்துத பட்டன் எப்பவும் அமுங்கியே கெடக்கு. ஆவி வெளிய போவ வழியில்ல. காயில்லயே சுத்திச் சுத்தித் தின்னுருக்கு." அந்தப் பட்டன் என் வேலை. கிரீமில் ரோட்டுத் தூசி படக்கூடாதென்று.

வீட்டில் கேட்டேன்.

"மூடிய முறுக்கித்தான் வச்சேன்."

"அத காயில்ட்ட போய் சொல்லுங்க."

"பலகை போட்டது ஆராக்கும்? சாக்கு வைக்க நல்ல பாங்கா இருந்து."

"கேக்கு வைக்கப் போட்டது!"

"ஏட்டி, கேக்கு இல்லாத நாளு அது சும்மாதானே கெடக்கு?"

என்ன மனுஷன் இது! சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.

மே 9

பேச்சில்லை. மீன்குழம்பு மட்டும் வைத்தேன்.

மே 11, ஞாயிறு

புதுக் காயில் திருவனந்தபுரத்திலிருந்து வந்து, நேற்று மாட்டியாயிற்று. குழாய்க்குள் இருந்த காற்றையும் ஈரத்தையும் மெஷின் வைத்து உறிஞ்சிவிட்டுத்தான் கேஸை அளந்து ஏற்றினான் சிஜின். பில்டரும் புதிது. பழையதைத் தட்டினால் ஐசிங் சர்க்கரை கொட்டுகிறது. "மொதல்ல கண்ணாடிய எறக்கி சூட்ட வெளிய விடுங்க. பெறவு பட்டன அமுக்குங்க" என்றான். ஸ்குரூ மிச்சம் வரவில்லை.

இன்று ஆராதனை முடிந்து வந்து பார்த்தால், கார் நான்கு கதவும் திறந்து வெயிலில் நிற்கிறது. பழைய பலகை விறகுப்புரையில். ஜாஸ்பர் புதுப் பலகையை உப்புத்தாள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். மன்னிப்பு என்கிற சொல் வாயில் வராத ஆள். "நாளைக்கு சும்மா ரெண்டு தட்டு செய்யி. உச்சி வெயில்ல ஓட்டிப் பாப்போம்" என்றார். என் யோசனையும் அதேதான். சொல்லவில்லை.

மே 12

நாகர்கோவில் போய்த் திரும்பினோம். அவர்தான் ஓட்டினார், வேகத்தடை வந்தால் பேறுகாலத்துக்காரியை ஏற்றிப் போவதுபோல. பின்னால் பஸ்காரன் ஹாரனை விடவேயில்லை. "அவனுக்கென்ன, கேக்கா இருக்கு?" என்கிறார். வில்லுக்குறியில் வேண்டுமென்றே ஓரங்கட்டி நின்றோம். கிரீம் அசையவில்லை. மேல்தட்டு முழுக்க அவரே தின்று தீர்த்தார்.

மே 15, வியாழன்

ஐந்து தட்டும் நேராக நின்றன. ரசலையன் அண்ணன் கார்ப் பலகையில் கை வைத்துப் பார்த்தார். "என்னட்டி, மீன்வண்டி மாதிரி ஐஸ் போட்டா கொண்டு வந்த?"

"பாயாசத்துக்குக் கரண்டி கொண்டு வரட்டா அண்ணா?" என்றேன். அவர்தான் முதலில் சிரித்தார்.

சிரித்த கையோடு பேசி முடித்தேன். வருஷக் கடைசி வரை அவர் எடுக்கும் கல்யாணம் எல்லாவற்றுக்கும் கேக் நான். வழியில் சரிந்தால் நஷ்டம் எனக்கு. மண்டபத்தில் இறக்கிய பிறகு மாப்பிள்ளை வீட்டார் தாமதித்து உருகினால் அவருக்கு. முகம் கொஞ்சம் சுளித்தது, ஆனால் ஒத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் வீட்டுப் பேச்சும் முடிந்தது. ஒட்டுப்பாலுக்கும் ஆசிட்டுக்கும் இனி ஆட்டோ. வாடகை கேக் வருமானத்திலிருந்து நான் தருவேன். ஒரு சாக்கு காரில் ஏறினாலும் அடுத்த காயில் அவர் செலவு. ஸ்பிரே மட்டும் அடிக்கலாம் — எனக்காக என்றால்.