நார்மல் என்றார்கள்

மார்ச் 4
டியூஷனில் ஒருத்தி, நார்மலுக்குத் தமிழில் என்ன மிஸ் என்று கேட்டாள். இயல்பு என்றேன். வாய்தான் சொன்னது, மனசு ஒட்டவில்லை. என் மதிக்கு மூன்று வயசு, அம்மா என்றுகூட இன்னும் சொல்லவில்லை. காது டெஸ்ட் எடுக்கலாம் என்றால் அத்தை விடுவதில்லை. பிள்ளை நார்மலாம், என் புத்திதான் சரியில்லையாம்.

மார்ச் 5
போனில் தேடினேன். லத்தீனில் நோர்மா என்றால் தச்சருடைய மூலைமட்டம். அதற்கு நேராக நிற்பது நார்மல். பிறகு வழக்கமானது, நோயில்லாதது என்று அர்த்தம் வளர்ந்திருக்கிறது. மனுஷங்களைச் சொல்ல ஆரம்பித்தது ரொம்பப் பின்னாடிதான். மரத்துக்கு வச்ச மட்டத்தை எம்பொண்ணு மேல எவன் கொண்டாந்து வச்சான்?

மார்ச் 9
அர்த்தம் தெரிஞ்சி என்ன பண்றது? படுத்தால் தூக்கம் இல்லை.

மார்ச் 11
என் வீட்டுக்காரர் அரசப்பனுக்கு உப்பளத்தில் பாத்தி மிதிக்கிற வேலை. மதியைக் கூட்டிக்கொண்டு சாப்பாடு எடுத்துப் போனேன். எப்போதும்போலக் கொட்டகையில் மூட்டை அடுக்குகிற பலகைமேல் அவளை உட்கார வைத்தேன். இவர் அவளுக்குப் பின்னால் வந்து, அங்கே எல்லோரும் செய்வதுபோல, பலகையில் காலைத் தட்டிச் சேற்றை உதறினார். "மதி" என்றார். திரும்பினாள்.

"பாரு, கேக்குதா இல்லியா? நார்மல்."

பலகையைத் தொடாமல், மண்ணில் நின்று கூப்பிடச் சொன்னேன். கூப்பிட்டார். கத்தினார். அவள் திரும்பவே இல்லை. இத்தனை நாளும் பலகை அதிர்ந்ததுக்குத்தான் திரும்பியிருக்கா. ஐயோ, நாங்க எல்லாரும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தோம்?

இவர் சாப்பிடாமலே பாத்திக்குப் போய்விட்டார்.

மார்ச் 12
அத்தை பேசவில்லை. பேசாட்டி போகட்டும். காது டெஸ்டுக்குப் புதுச்சேரிக்கு என்றைக்குப் போகலாம் என்று இவரே கேட்டார்.

மார்ச் 20
டெஸ்ட் முடிந்தது. ரெண்டு காதும் ரொம்ப மந்தம். காதில் மெஷின் வைக்கணும், பேசப் பழக்கணும் என்றார்கள். நார்மல் பிள்ளைங்களோட படிக்குமா என்று இவர் கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அடக்கிக்கொண்டேன். அவரும் பயந்துபோய்த்தானே கேட்கிறார்?

செப்டம்பர் 2
ஒருவழியாக மெஷின் வந்தது, மாட்டினால் பிடுங்கிப் போடுகிறாள். நான் அடித்துவிட்டேன். அப்புறம் நானே அழுதேன்.

அக்டோபர் 6
கொட்டகையில் இருந்தபோது திடீர் மழை. தகரக் கூரையில் சடசடவென்று கொட்டியது. மதி மெஷின் மாட்டிய இரண்டு காதையும் பொத்தினாள். கையை எடுத்தாள். திரும்பப் பொத்தினாள், எடுத்தாள். கூரையைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

வெளியே குவித்திருந்த உப்பு கரைகிறது. தார்ப்பாயோடு ஓடுகிறவர்கள் இவர் பேரைச் சொல்லிக் கத்துகிறார்கள். இவர் நகரவில்லை.

"இருங்கப்பா, எம்பொண்ணு கேட்டுக்கினு இருக்குது" என்றார்.