அந்தப் பக்கத்திலிருந்து மூன்று தட்டு

மாப்ளே,

இன்று காலை என் ராஜபாளையத்து வீட்டில் ஏசி மாட்ட வந்தவர், குழாய்க்குச் சுவரைத் துளைக்கும் முன் வெளியே போய்ச் சுத்தியலால் மூன்று முறை தட்டினார். "சத்தம் எங்க கேக்குன்னு கைய வச்சுக் காட்டுங்க சார்" என்றார். வைத்த கையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. காய்ச்சலில் நீ போய் ஒரு வருடம் ஆகிறது.

நாம் சென்னையில் மெட்ரோ வேலையில் இருந்த காலம். ரயில் போக ஒரு சுரங்கம், வர ஒரு சுரங்கம். ஒன்றில் ஆபத்து என்றால் ஜனங்கள் மற்றதற்குத் தப்பிப் போக, நடுவே அங்கங்கே குறுக்குப் பாதை வெட்டுவோம். நான் அளவு பார்க்கிற சர்வேயர். நீ எதிர்ச் சுரங்கத்தில் ஃபோர்மேன். ராஜபாளையத்தான் நாய் வளர்க்கத்தான் லாயக்கு என்பாய். வில்லிபுத்தூர்க்காரனுக்கு மூளைக்குப் பதில் பால்கோவா என்பேன். பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள், பூமிக்கடியில் போய்த்தான் சிநேகிதர்கள் ஆனோம்.

வளைவில் வெட்டிய அந்தப் பாதையை நீ மறந்திருக்க மாட்டாய். சுரங்கச் சுவர் என்பது வரிசையாகப் பூட்டிய கான்கிரீட் வளையங்கள். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. வளைவில் வெளிப்பக்கச் சுரங்கத்துக்குக் கூடுதல் வளையம் பிடிக்கும். அதனால் இங்கே உள்ள எண்ணுக்கு நேர் எதிரே அங்கே அதே எண் இருக்காது. எனக்குத் தெரியாததா? ஆனாலும் அவசரத்தில், கருவியை வைத்துப் பார்க்காமல், என் பக்கத்து எண்ணையே உன் பக்கத்திலும் மஞ்சள் பெயிண்டால் குறித்துவிட்டேன். நாங்கள் மண்ணைக் குடைந்து உன் சுவரைத் தொட்டதும், குறி போட்ட இடத்தில் வெட்டச் சொல்லி வாக்கிடாக்கியில் உன்னை விரட்டினேன்.

"செத்த நேரம் பொறு மாப்ளே. தட்டுதேன், காத வச்சுக் கேட்டுச் சொல்லு. பொறவு வெட்டுதேன்" என்றாய்.

எப்போதும் அது உன் வழக்கம். கதவைத் தட்டிவிட்டு நுழைகிற புது மாப்பிள்ளை என்று எத்தனை முறை கேலி செய்திருப்பேன்! அன்றும் சலித்துக்கொண்டேதான் உன் சுவரில் காதை வைத்தேன். மூன்று தட்டு கேட்டது. எதிரே இல்லை, இரண்டு வளையம் தள்ளி வலப்பக்கம். அங்கே நாங்கள் குடையவே இல்லை. தண்ணீர் ஊறிய மணல். நீ வெட்டியிருந்தால் அத்தனையும் உன் மேலும் உன் ஆட்கள் மேலும் சரிந்திருக்கும். "வெட்டாதே" என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது.

என் வேலை போய்விடும் என்று உனக்குத் தெரியும். சர்வேயர் கடைசியாகச் சரிபார்த்ததில் குறி மாறியிருந்தது தெரிந்தது என்று எஞ்சினியரிடம் சொன்னாய். அவர் எல்லோர் முன்பும் என்னைப் பாராட்டினார். வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். முதலில் கைதட்டியவன் நீ. தனியாக மன்னிப்புக் கேட்டபோது, "கேட்டது உன் காதுதானல" என்று டீ குடிக்கக் கூட்டிப் போனாய்.

உன் வீட்டிலாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். ஒவ்வொரு தடவையும் உன் மனைவி பரிமாறியதைத் தின்றுவிட்டுத் திரும்பினேன். இன்று அந்தத் தட்டு கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை. மதியமே உன் ஊருக்கு பஸ் ஏறினேன்.

அந்தக் குறுக்குப் பாதை என்று ஆரம்பித்ததுமே உன் மனைவி சொன்னார்: "தெரியும்ணே. நீங்க காதக் குடுத்துக் கேக்கலன்னா வீடு வந்திருக்க மாட்டேன்னு அவிய சொல்லியிருக்காவ. வருசா வருசம் தேருக்கு உங்க பேருக்குல்லா அர்ச்சனை செய்யுதேன்."

இங்கேயும் என்னைக் காப்பாற்றி வைத்திருக்கிறாய், பாவி. தப்பாகக் குறித்தது நான், வெட்டச் சொன்னது நான், தட்டிப் பார்த்துக் காப்பாற்றியது அவன் என்று சொல்லி முடித்தேன். திட்டட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, இங்க வா. அப்பா எத்தன உசுரக் காப்பாத்தியிருக்காவன்னு மாமா சொல்லுதாவ. மொதல்லேருந்து சொல்லுங்கண்ணே."

உன் சாடை அப்படியே அவளுக்கு. நீ தட்டுகிற இடம் வந்தபோது பக்கத்துச் சுவரில் கையை வைத்தேன். அவள் எழுந்து அடுத்த அறைக்குப் போனாள். நான் சுவரில் காதை வைத்தேன். மூன்று தட்டு.

"கேக்கா மாமா?"

கேட்டது, மாப்ளே. நேர் எதிரே கேட்டது.