பொம்மை வளருதா?

ஜூன் 9, திங்கள்

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். யாராவது கதவைத் தட்டினால் குழாயைத் திறந்துவிட வேண்டும்.

இன்று வகுப்பில் கண் இருட்டிவிட்டது. "காலையில என்ன சாப்பிட்ட?" என்று டீச்சர் கேட்டார். நிறைய சாப்பிட்டேன் என்றேன்.

ஜூன் 14, சனி

சனிக்கிழமை என்றாலே பட்டறைக்குப் போக வேண்டும்.

சித்தப்பாவின் தையல் பட்டறையில் தைப்பது ஒரே சரக்குதான். சிறுமிகளுக்கான கவுன், பன்னிரண்டு வயது அளவு. கட்டிங் மாஸ்டர் துணிப் பொம்மையின்மேல் போட்டுப் பார்த்து வெட்டுவார். தலையும் கையும் இல்லாத பொம்மை. அது கையைத் தூக்காது, உட்காராது. அதனால் மாதிரி கவுனைச் சனிதோறும் எனக்குப் போட்டுப் பார்ப்பார்கள். கவுன் வாங்கும் கம்பெனிக்காரர் வந்தாலும் நான்தான் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அப்பா போனபின் எனக்கும் அம்மாவுக்கும் தங்கைக்கும் இந்த வீட்டில் சோறு கிடைப்பதே அதனால்தான் என்று சித்தி சொல்வாள்.

எனக்குப் பதின்மூன்று முடிந்துவிட்டது. இன்று ஜிப் நடுமுதுகில் நின்றுவிட்டது. சித்தி சதையோடு சேர்த்து இழுத்தாள்.

"மூச்ச உள்ள இழுடி. பொம்மை வளருதா? நீ மட்டும் என்ன, புடலங்காயா?"

தையல் அக்காக்கள் எல்லோரும் சிரித்தார்கள். அம்மா பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

ராத்திரி எனக்கு அரைத் தட்டு.

ஜூன் 15, ஞாயிறு

"கொஞ்ச நாள் பொறுத்துக்கடி. இத விட்டா எங்க போவோம்?" என்கிறாள் அம்மா.

கொஞ்ச நாள் என்றால்? நான் வளர்வது நிற்கும்வரையா?

ஜூன் 18, புதன்

பள்ளி நூலகத்தில் பொம்மைகளைப் பற்றி ஒரு புத்தகம் கிடைத்தது. முன்பெல்லாம் புது உடுப்பு எப்படியிருக்கும் என்று காட்ட, ஒரு அரண்மனையிலிருந்து இன்னொரு அரண்மனைக்கு உடுத்திய பொம்மையை அனுப்புவார்களாம். பிறகு கடைகளில் மெழுகுப் பொம்மைகள். கண்ணாடிக் கண், நிஜ மனிதர்களின் முடி. வெயில் பட்டால் முகம் உருகுமாம். உருகிய முகத்தின் படத்தைப் பார்க்க முடியாமல் பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

இன்னொன்றும் இருந்தது. பணக்காரப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் தையல்காரர் தனித்தனிப் பொம்மை வைத்திருப்பாராம். அந்த அம்மாள் சதைபோட்டால் பொம்மைக்கும் பஞ்சு வைத்துப் பெருக்கச் செய்வாராம்.

அப்போது பெண்ணுக்காகப் பொம்மை மாறியிருக்கிறது!

ஜூன் 19, வியாழன்

செய்துவிட்டேன். பட்டறையில் யாரும் இல்லாதபோது பொம்மையின் முதுகுத் தையலைப் பிரித்து, மார்பிலும் இடுப்பிலும் பஞ்சை அடைத்தேன். என்னைத் தொட்டுப் பார்ப்பது, அதைத் தொட்டுப் பார்ப்பது, இன்னும் கொஞ்சம் வைப்பது. சோறு ஊட்டுகிற மாதிரி இருந்தது. அம்மாவின் ஊசியால் தைத்து மூடினேன்.

ஜூன் 21, சனி

புதிதாக வெட்டிய கவுனில் ஜிப் வழுக்கிக்கொண்டு ஏறியது! "பாத்தியா, வாயக் கட்டினா ஒடம்பு தானா அடங்குது," என்றாள் சித்தி. முழுத் தட்டு. மாஸ்டர் பொம்மையின் இடுப்பை அழுத்திப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அடுத்த துணியை விரித்தார்.

ஜூலை 5, சனி

நேற்றும் பஞ்சு வைத்தேன். நாங்கள் இருவரும் சேர்ந்தே வளர்கிறோம். இப்போதெல்லாம் வகுப்பில் கண் இருட்டுவதில்லை. ஆனால் மூட்டை மூட்டையாகக் கவுன் கம்பெனிக்குப் போய்விட்டது. அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

ஜூலை 11, வெள்ளி

எல்லாம் திரும்பி வந்துவிட்டது. ஒன்றுகூட அளவில் இல்லையாம்.

சித்தப்பா மாஸ்டரின் சட்டையைப் பிடித்தார். "கண்ணு அவிஞ்சு போச்சாய்யா? இத்தனை வருஷம் என்னத்தக் கிழிச்ச?"

"நான் டம்மி அளவுக்குத்தான் வெட்டுனேன் மொதலாளி. டம்மிய யாரு பெருக்க வெச்சாங்கன்னு பாப்பாவ கேளுங்க."

சித்தப்பா கத்தரிக்கோலை எடுத்தார். பொம்மையின் வயிறு கிழிந்தது. பஞ்சு. பஞ்சு. என் காலடிவரை வந்து விழுந்தது. நான் கத்திவிட்டேன், என்னை வெட்டிய மாதிரி.

மாஸ்டர் போகும்போது என் பக்கம் பார்க்காமல், "எனக்கும் வீட்ல ரெண்டு புள்ளைங்க இருக்குது பாப்பா," என்றார்.

சித்தப்பா என்னை அடிக்கவில்லை. ஏன் அடிக்கவில்லை? நாளைக்கு என்ன செய்யப்போகிறார்கள்? அம்மா, நீயாவது ஏதாவது பேசேன்மா.

ஜூலை 12, சனி

புதுப் பொம்மை வந்திருக்கிறது. பிளாஸ்டிக். தட்டினால் டொக்கென்கிறது. பிரிக்கத் தையலே இல்லை.

என்னை யாரும் கூப்பிடவில்லை. சித்தியே என் தட்டை நிரப்பினாள். "தின்னு. இனிமே ஒன்ன யாரு கேக்கப் போறா?"

பிறகு தங்கையைக் கூப்பிட்டாள். பதினொரு வயதுதான் ஆகிறது அவளுக்கு. கவுன் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது.

"கையத் தூக்கு. உக்காரு. எந்திரி. இவ ஒரு வருஷம் தாங்குவா," என்றாள் சித்தி.

தங்கை சுற்றிச் சுற்றி வந்தாள். "அக்கா, நல்லாருக்கா?"

நல்லாருக்கு என்றேன்.

ஜூலை 29, செவ்வாய்

அம்மா என்னிடம் பேசுவதில்லை.

ஆகஸ்ட் 30, சனி

தங்கைக்கு இன்று ஜிப் கொஞ்சம் பிடித்தது. கொஞ்சம்தான். புடலங்காய் என்று சித்தி சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

செப்டம்பர் 4, வியாழன்

சாப்பிடும்போது என் ரொட்டியில் பாதியைப் பாவாடைக்குள் மறைத்து எடுத்துவந்தேன். விளக்கை அணைத்ததும் போர்வைக்குள்ளே அவள் கையில் வைத்தேன். அவள் முகர்ந்து பார்த்தாள். விரல்கள் ஒருமுறை இறுகின. பிறகு திருப்பி என் கையிலேயே வைத்துவிட்டாள்.

"வேணாங்க்கா. நாளன்னைக்கி சனிக்கிழம."