சாயம் போன நூல்கள்

1992 மார்ச் 3
தசைத்துண்டு அழுகாமல் காக்கும் போமலின் முடிந்துவிட்டது. யுத்தத் தடையாம், கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வர விடமாட்டார்களாம். சாராய வடிசாலையிலிருந்து ஒரு கலன் ஸ்பிரிட் வந்தது. கட்டிகளில் கிள்ளியெடுக்கும் தசையை இனி அதில்தான் ஊறவைக்க வேண்டும். வழக்கம்போல மூன்று பேருக்கு ஒரு போத்தல். யாருடையது எதுவென்று அறிய ஒவ்வொரு துண்டிலும் ஒரு நிறநூல் தையல். ஆசுபத்திரி லாபில் என்னோடு வேலை செய்யும் ஜெபநேசன் அண்ணையின் யோசனை அது. இதுவரை பிசகியதில்லை.

இன்று மூன்றும் மார்புக்கட்டி. உடுவில் பராசக்திக்குச் சிவப்பு, கோப்பாய் அருந்ததிக்குப் பச்சை, அரியாலை லூர்த்தம்மாவுக்கு நீலம்.

மார்ச் 5
மூன்று நூலும் வெள்ளை! ஸ்பிரிட் சாயத்தை இழுத்துவிட்டது. போமலினில் நிற்கிற நிறம் இதில் நிற்காதென்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லையே. அண்ணை போத்தலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிள்ளை, உதிலை ஒண்டு கொஞ்சம் சிவப்பாத் தெரியேல்லையே?"

இல்லை அண்ணை. ஒன்றும் தெரியவில்லை.

மார்ச் 9
கரண்ட் இல்லை. டொக்டர் செல்வத்துரை யன்னலோரம் மைக்ரொஸ்கோப்பை வைத்து, அதன் கண்ணாடியில் வெயிலைப் பிடித்துப் பார்த்தார். இரண்டு சுகம். ஒன்று புற்று.

"மூண்டு பேரையும் திரும்பக் கூப்பிடுங்கோ. இந்தமுறை ஆளுக்கொரு போத்தல்."

அவர் போனபின் நானும் பார்த்தேன். எத்தனையோ பார்த்த கண்தான். ஆனால் பெயரில்லாத ஒன்றைப் பார்த்ததில்லை. கண்ணை மூடினால் அதுதான் வருகிறது. ஆரம்மா நீ?

மார்ச் 20
பராசக்தி வந்து போனார். திரும்ப எடுத்த துண்டில் அவருக்கு ஒன்றுமில்லை. அப்படியென்றால் மற்ற இருவரில் ஒருத்தி.

மார்ச் 24
லூர்த்தம்மாவுக்குச் சொல்லியனுப்பிய ஆள் திரும்பி வந்துவிட்டார். செல் குண்டடிக்குப் பயந்து அந்தப் பக்கச் சனம் முழுக்க எழும்பிப் போய்விட்டதாம். எங்கே போனார்களென்று தெரியாது.

ஏப்ரல் 2
அருந்ததிக்கும் இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் சிரிக்காததைக் கண்டு பயந்துவிட்டாள்.

"ஏன் அக்கா, என்னட்டை எதையும் ஒளிக்கிறியளோ?"

இல்லையென்று சத்தியம் பண்ணினேன். இவளுக்கு வந்திருந்தால் நாளைக்கே வெட்டி எடுத்துவிடலாமே என்று ஒரு கணம் — சீ! என்ன மனமடி உனக்கு? இரண்டு பிள்ளைகளின் தாய் அவள்.

மே 11
எங்கள் திருநெல்வேலிச் சந்தையில் ஒருத்திக்குப் பின்னால் ஓடினேன். லூர்த்தம்மா இல்லை. கோயில், பள்ளிக்கூடம், அகதி முகாம், எல்லா இடமும் விசாரித்தாயிற்று. கட்டி எங்களுக்காகக் காத்திருக்குமா?

ஜூன் 28
அரியாலைச் சனம் திரும்புகிறதென்று அண்ணை சொன்னார். உடனே சைக்கிளை எடுத்தேன்.

லூர்த்தம்மா முற்றத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்தார். நன்றாக மெலிந்துவிட்டார். இடக்கையை உடம்போடு ஒட்டியே வைத்திருந்தார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்கோ தங்கச்சி. உங்கடை ஆசுபத்திரியிலையிருந்து ஒரு சொல்லும் வரேல்லை. கூடாத நோய் வருத்தமெண்டால் தேடி வந்திருப்பினம்தானே எண்டு நிம்மதியா இருந்திட்டன்."

தேத்தண்ணி தந்தார். குடித்து முடிக்கும் வரைக்கும் அவரை அப்படியே இருக்கவிட்டேன்.