வெடி வெடிக்காமல் விழுந்த கோட்டை

பெனியாரோஸ்,
திருவிழா முடிந்த புதன்கிழமை

அன்பு மகள் எல்வீராவுக்கு அம்மா எழுதுவது. உன் அப்பாவின் தொண்டையையும் சமையலறை ஜன்னல் கண்ணாடி ஒன்றையும் தவிர இங்கே எல்லாம் சௌக்கியம். அந்தக் குளிர் ஊரில் நீயும் ஐவின்டும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மழை நிற்கவே இல்லை என்று போன தடவை சொன்னாய், ஈரத் தலையோடு படுக்காதே, நான் கொடுத்தனுப்பிய கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொள், அழகாக இல்லை என்று அலமாரியில் வைத்திருப்பாய், எனக்குத் தெரியும். போனில் சொல்லாமல் இவ்வளவு பெரிய கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே நீ சிரிப்பாய், நீ சிரித்தால் நானும் சிரிப்பேன், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உன் அப்பா எழுந்து போய்விடுவார். அதனால் பொறுமையாகப் படி.

முதலில் நீ கேட்டது. வசந்தத்தில் உனக்கும் ஐவின்டுக்கும் கல்யாணம், அவன் அப்பா அம்மாவுக்கு ஒரு பழைய கோட்டையில் நடந்தால் ஆசை, நம் கடற்கரைப் பக்கம் எந்தக் கோட்டை நல்லது, நம்மூர்க் கோட்டை மட்டும் வேண்டாம், அங்கே வைத்தால் அப்பாவும் சித்தப்பாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார்கள், யாராவது ஒருவர் வராமலே இருந்துவிடுவார் என்று எழுதியிருந்தாய். சரி. பெனிஸ்கோலா கோட்டை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற பாறைமேல் இருக்கிறது, அந்தக் காலத்தில் ஒரு போப்பாண்டவர் எல்லோரோடும் பிணங்கிக்கொண்டு கடைசிவரை அங்கேதான் கிடந்தார், நம் வீட்டு ஆண்களுக்குப் பொருத்தமான இடம்தான். ஆனால் அந்தக் காற்றில் உன் முகத்திரை இத்தாலிக்குப் போய்விடும். ஹாத்திவா கோட்டையைப் போல நீளமான, அழகான கோட்டை இந்தப் பக்கத்தில் கிடையாது, மலை முதுகு முழுக்க அதுதான், ஆனால் அந்த ஏற்றத்தை உன் அத்தை மூட்டுவலியோடு ஏற மாட்டாள், ஏறினால் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்த மாட்டாள். குவாதலெஸ்தில் பாறையைக் குடைந்த வாசல் வழியாக உள்ளே போக வேண்டும், மேலே நின்று பார்த்தால் கீழே ஏரித் தண்ணீர் பச்சையாகத் தெரியும், ஆனால் நம் விருந்தாளிகள் யார், பேருந்தில் வந்து இறங்குகிறவர்கள் யார் என்று பிரித்து எடுப்பதற்குள் கேக் தீர்ந்துவிடும். அலிகாந்தே கோட்டைக்கு மலைக்குள்ளேயே மின்தூக்கி இருக்கிறது, கிழவர்களுக்குச் சுகம். தேனியாவில் கோட்டையைவிட அதன் கீழே கிடைக்கும் சிவப்பு இறால் நன்றாக இருக்கும். சகுந்துக் கோட்டையைச் சொல்லாமல் விடக்கூடாது, ஆனால் அங்கே நிழலே இல்லை, ஐவின்டின் அப்பாவை அந்த வெயிலில் நிறுத்தினால் அவரும் அந்த இறால் நிறத்துக்கு வந்துவிடுவார். சம்பந்திகளை இவை எல்லாவற்றுக்கும் கூட்டிக்கொண்டு போ, ஒன்றையும் விட்டுவிடாதே, எல்லாம் பார்க்க வேண்டியவைதான். கல்யாணம் எங்கே என்பதைப் பற்றி மட்டும் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு முடிவு செய்.

ஐவின்டுக்கு நீ இதைப் படித்துக் காட்டும்போது விளங்கும்படி கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன். நம் திருவிழாவில் ஊரே வேஷம் கட்டி, அந்தக் காலத்தில் இந்தக் கரையை ஆண்ட முஸ்லிம்களான மூர்கள் ஒரு படை, கிறிஸ்தவர்கள் ஒரு படை என்று பிரிந்துகொள்ளும், காலையில் மூர்கள் கோட்டையைப் பிடிப்பார்கள், சாயங்காலம் கிறிஸ்தவர்கள் அதைத் திரும்பப் பிடிப்பார்கள், ஒவ்வொரு தடவையும் சண்டைக்கு முன்னால் ஒரு தூதர் வந்து பாட்டாகக் கோட்டையைக் கேட்பார், மதில்மேல் நிற்கும் தூதர் பாட்டாகவே முடியாது என்பார், அதன் பிறகு காது கிழியும்வரை வெடிமருந்து. உன் அப்பாவின் குடும்பம் எந்தக் காலத்திலும் கிறிஸ்தவப் படைதான், அவர் அப்பா தூதராக இருந்தவர், அண்ணனுக்கும் தம்பிக்கும் இரண்டு தூதரின் பாட்டையும் சோற்றோடு ஊட்டி வளர்த்தவர். அப்படிப்பட்ட வீட்டில் உன் சென்டோ சித்தப்பா, மூர் படைத் தலைவரின் மகள் ஃபினாவைக் கட்டிக்கொண்ட கையோடு படையும் மாறிவிட்டார். வேறு மதத்துக்குப் போயிருந்தால்கூட உன் அப்பா மன்னித்திருப்பார். அதிலும் சித்தப்பா சும்மா இருக்காமல், மூர்களோட இசைதான் இசை, மெதுவா ஆடி அசைஞ்சு நடக்கலாம், நம்ம ஆளுங்க மருந்துக் கடை மூடப்போற மாதிரி ஓடுறாங்க என்று சந்தையில் வைத்துச் சொல்லிவிட்டார். அது தூக்கத்துல நடக்குறவன் பாட்டு என்று உன் அப்பா பதில் சொன்னார். அதுதான் அவர்கள் பேசிக்கொண்ட கடைசி வார்த்தை. அதற்குப் பிறகு ஆரஞ்சுத் தோட்டத்தில் தண்ணீர் முறை யாருக்கு என்று கேட்க வேண்டுமானால்கூட சித்தப்பா ஃபினாவிடம் சொல்வார், ஃபினா என்னிடம் சொல்வாள், நான் இவரிடம் சொல்வேன், அதற்குள் தண்ணீர் பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிருக்கும். சின்ன வயதில் தேவாலயத்தில் நீ முதல் நன்மை வாங்கிய நாள் விருந்தில் ஆளுக்கொரு மேஜை முனையில் உட்கார்ந்ததும், நடுவில் நீ அழுததும் உனக்கு நினைவிருக்கும். வருடத்துக்கு ஒரு நாள், இவர் கிறிஸ்தவத் தூதராக மதில்மேலும் அவர் மூர் தூதராகக் குதிரைமேலும் இருந்துகொண்டு பாட்டில் மட்டும் பேசிக்கொள்வார்கள். அன்றைக்கு இரண்டு பேரும் எவ்வளவு அழகாகத் திட்டிக்கொள்வார்கள்! அவர்கள் ஒருவரையொருவர் கண்ணோடு கண் பார்ப்பது அன்று ஒரு நாள்தான் என்று நானும் ஃபினாவும் கூட்டத்தில் கைகோத்து நின்று பார்ப்போம்.

இந்த வருடம் நடந்ததைக் கேள். திருவிழாக் காலையில் உன் செய்தி வந்தபோது நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்துவிட்டேன், அப்பா கதவுக்குப் பின்னால் இடுப்பில் வாளைக் கட்டிக்கொண்டு நிற்பதைக் கவனிக்கவில்லை. நம்மூர்க் கோட்டை மட்டும் வேண்டாம் என்று நீ எழுதியதையும் காரணத்தையும் அவர் கேட்டுவிட்டார். ரொட்டியும் முட்டையும் எடுத்து வைத்தேன், அதைத் தொடவில்லை, தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். சதுக்கம் நிறைந்திருந்தது, படைகள் எல்லாம் துப்பாக்கியில் மருந்தைக் கெட்டித்துக்கொண்டு நின்றன, சித்தப்பா கறுப்புக் குதிரையில் வந்து, தலைப்பாகையில் இறகும் மார்பில் ஜரிகையுமாக, கோட்டையைக் கொடு என்று முழங்கினார், இந்த வருடம் குரல் ஜோராக இருந்தது என்று சொல்ல வேண்டும். இனி உன் அப்பா பதில் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. மதில்மேல் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரே அண்ணாந்து பார்க்கிறது. குதிரை அந்த இடத்திலேயே சாணி போட்டது, ஒருவரும் சிரிக்கவில்லை. ஃபினா என் கையை நெரித்தாள், அக்கா, மறந்துட்டாரா என்றாள். பாட்டை மறக்கிற ஆளா அவர், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாரே.

அப்போது சித்தப்பா என்ன செய்தார் தெரியுமா? குதிரையை மதில் ஓரமாக நகர்த்தி, எதிரிக்கு எடுத்துக் கொடுப்பது வெளியே தெரியாதபடி மூர் தூதரின் திமிர் குரலிலேயே, 'கிறிஸ்தவனே, உன் பதில் எனக்குத் தெரியும், கல்லின்மேல் கல் நிற்கும்வரை இக்கதவு திறவாது என்பாய், அப்படித்தானே?' என்று கேட்டார். தன் பாட்டில் அண்ணன் பாட்டை நுழைத்துக் கொடுத்துவிட்டார், எல்லோரும் கைதட்டினார்கள், புதுசாகச் சேர்த்த வரி என்று நினைத்துவிட்டார்கள். உன் அப்பா ஆமாம் என்று சொல்லி மிச்சத்தைப் பாடியிருந்தால் தீர்ந்தது. அவர் குனிந்து தம்பியைப் பார்த்தார். பார்த்துவிட்டு, சதுக்கம் முழுக்கக் கேட்கும்படி, இல்ல என்றார். அவ்வளவுதான். அடுத்த நொடி மதில்மேல் ஆளைக் காணோம். மயக்கம் போட்டு விழுந்துவிட்டாரோ என்று நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடுகிறேன், அதற்குள் உள்ளே தாழ்ப்பாள் கிறீச்சிட்டது, அந்தப் பெரிய மரக்கதவு திறந்தது, உன் அப்பா வாசலில் நின்றார். எல்வீரா, நம்மூர்க் கோட்டை ஒரு வெடிகூட வெடிக்காமல் விழுந்துவிட்டது! மூர் படை வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது, மருந்து கெட்டித்த துப்பாக்கியை எங்கே நீட்டுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கிறிஸ்தவப் படையில் ஒருவர், டேய் பாத்திஸ்ட், கதவ மூடுடா, சண்டை போடணும்டா என்று மேலிருந்து அலறினார். சித்தப்பா குதிரையை விட்டு இறங்கி வாசலுக்கு வந்தார். பாட்டை விட்டுவிட்டு, காலைல ஏதாவது சாப்டியா என்று கேட்டார். உன் அப்பா இல்லடா என்றார். அதானே பாத்தேன், வெறும் வயித்தோட யாராவது மதில் ஏறுவாங்களா, நீ மாறவே மாட்டியா என்று திட்டிக்கொண்டே சித்தப்பா தன் அங்கிக்குள்ளிருந்து காகிதத்தில் சுற்றிய ரொட்டியை எடுத்தார், போர் முடிந்து தின்ன வைத்திருந்தது, உருளைக்கிழங்கு ஆம்லெட் வைத்தது, பாதியைப் பிய்த்துக் கொடுத்தார். கோட்டை வாசலில் நின்று இரண்டு பேரும் தின்றார்கள். நானும் ஃபினாவும் அழுத அழுகையில் அவள் கண்மை என் சால்வையெல்லாம் ஆகிவிட்டது.

விழாக் குழுத் தலைவர் பெர்னாத்துக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். காலையில் வெடிக்காத மருந்தையும் சேர்த்துச் சாயங்காலம் வெடித்தார்கள், அதில்தான் என் ஜன்னல் போனது. மறுநாளே குழு கூடி, அடுத்த வருடம் அண்ணனுக்கும் தம்பிக்கும் தூது கிடையாது, தண்டனையாகக் கோட்டை முற்றத்தை இரண்டு பேரும் சேர்ந்து பெருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. தூதர் வேஷம் கைவிட்டுப் போனதில் உன் அப்பாவுக்கு வருத்தம்தான், ராத்திரி சாப்பாட்டில் உப்பு இல்லை என்று இரண்டு தடவை சொன்னார். ஆனால் நேற்று முழுக்க அண்ணனும் தம்பியும் துடைப்பத்தோடு கோட்டையில். இத்தனை வருடம் பேசாமல் இருந்ததற்கு வட்டியும் முதலுமாகப் பேசுகிறார்கள் மகளே, உன் அப்பாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது, எனக்குக் காது வலிக்கிறது. துடைப்பத்த இப்படியா பிடிப்பாங்க என்கிறார் ஒருவர், மூர் ராஜா இதுவரைக்கும் தரையப் பெருக்குனதே இல்ல போல என்கிறார் மற்றவர். பெர்னாத் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, பேசாமல் இருந்தபோதே ஊர் அமைதியாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். நீ கேட்கிற வாரத்தில் முற்றம் காலியாகத்தான் இருக்கிறது என்றும் அவரே சொன்னார், கோபத்தோடு சொன்னார், ஆனால் சொன்னார்.

உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. பெனிஸ்கோலாதான் வேண்டும் என்றால் அங்கேயும் வருவோம், முகத்திரைக்கு ஊசி நான் கொண்டுவருகிறேன். ஆனால் ஒன்றை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நேற்று அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன், நீ உள்ளே வரும்போது எந்த இசை வாசிப்பது என்று பெரிய வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. இவர்கள் பாட்டுக்குக் கல்யாணத்தை இங்கேயே முடிவு செய்துவிட்டார்களே என்று நினைத்துக்கொண்டேன். சித்தப்பா விட்டுக்கொடுத்து, கிறிஸ்தவ இசையே இருக்கட்டும் அண்ணே, உன் பொண்ணு கல்யாணம் என்றார். உன் அப்பா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வேண்டாம் என்றார். மூர் இசைதான் வேண்டும் என்றார். நம்ம பாட்டுன்னா விறுவிறுன்னு போயிடணும்டா, மூர் பாட்டுக்கு மெதுவா நடக்கலாம், வாசல்லேருந்து மேடைவரைக்கும் என் பொண்ணு இன்னும் கொஞ்ச நேரம் என் கையப் பிடிச்சிருப்பா என்றார்.

ஐவின்டுக்கும் அவன் அப்பா அம்மாவுக்கும் எங்கள் அன்பைச் சொல். உனக்கு எங்கள் எல்லோருடைய ஆசியும், ஃபினா சித்தியின் முத்தங்களும், சித்தப்பாவின் முத்தங்களும். இந்தத் தடவை சித்தப்பாவின் முத்தம் ஃபினா வழியாகவோ என் வழியாகவோ வரவில்லை, உன் அப்பாவிடமே நேராகச் சொல்லி அனுப்பினார். காலுறையை மறந்துவிடாதே. பதிலைச் சீக்கிரம் எழுது, உன் அப்பா இப்போதே மெதுவாக நடந்து பழகுகிறார்.

உன் அம்மா,
ரெமேய்