நனைந்து வருகிறவளுக்கு ஒரு துண்டு

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் உன் மகளும் நலம். நலமில்லாதது நீ தினமும் முகம் காட்டிப் பேசும் போன் ஒன்றுதான், அது காலமாகிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. எதிர்வீட்டு டாக்டரம்மாவின் போனிலிருந்து "கொஞ்சம் ரிப்பேர்" என்று உனக்குச் சொன்னேன் அல்லவா, அது முழு உண்மை இல்லை. அடுத்தவர் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு என் அசட்டுத்தனத்தைச் சத்தமாகச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். இரண்டு முறை எழுதிக் கிழித்தாயிற்று, இது மூன்றாவது.

போன் போனதற்கு முந்தின நாள் குட்டியைச் சினிமாவுக்குக் கூட்டிப்போனேன். என் வழக்கப்படி அதற்கும் ஒரு நாள் முன்பே தனியாகப் போய், வெளியேறும் வழி எத்தனை, கழிப்பறை எந்தப் பக்கம், படி வழுக்குமா என்றெல்லாம் பார்த்துக் காகிதத்தில் குறித்துக்கொண்டேன். டிக்கெட் கிழிப்பவர் "என்ன சார், கட்டடத்தை வாங்கப் போறீங்களா" என்று கேட்டார். எல்லாம் பார்த்தவன் என்ன படம் என்று பார்க்கவில்லை. மாயாஜாலப் படம். கண்ணாடி ராணி ஒருத்தி ஊரிலுள்ள அம்மாக்களையெல்லாம் பிடித்துச் சின்னச் சின்னக் கண்ணாடிச் சில்லுகளுக்குள் அடைத்துவிடுகிறாள். உள்ளே இருப்பவர்கள் சிரிக்கலாம், பேசலாம், வெளியே மட்டும் வரமுடியாது. ராணிக்குக் காவல் மலை உயரச் சிலந்தி. அது வந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். உன் மகள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "போயிடுச்சு தாத்தா, இப்ப தொறங்க" என்று அவ்வப்போது தகவல் சொன்னாள். ஆறு வயது. கடைசியில் ஏழு நாள் மழை பெய்து, கண்ணாடியெல்லாம் கரைந்து, அம்மாக்கள் சொட்டச் சொட்ட நனைந்தபடி வீடு திரும்புகிறார்கள். நானே மூக்கை உறிஞ்சினேன். சளி என்று சொல்லிவைத்தேன்.

தப்பு நடந்தது பஸ்ஸில். "நிஜமாவே கண்ணாடி தண்ணியில கரையுமா தாத்தா" என்று கேட்டாள். கரையாது என்று சொல்லியிருந்தால் அத்தோடு போயிற்று. முப்பத்துநாலு வருஷம் வேதியியல் சொல்லிக்கொடுத்த வாய் சும்மா இருக்குமா? சாதாரணக் கண்ணாடி கரையாது, ஆனால் கரைகிற கண்ணாடி என்று ஒன்று உண்டு, சோடியம் சிலிகேட், வெந்நீரானால் இன்னும் நல்லது என்று இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டியும் விளக்கினேன். என் வகுப்பில் இவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை என்ற பெருமை வேறு.

மறுநாள் காலை குளியலறையில் வாளி நிறைய வெந்நீர், அடியில் போன். பக்கத்தில் முக்காலி போட்டு அவள் உட்கார்ந்திருந்தாள், மடியில் உன் நீலத் துண்டு. "அம்மா நனைஞ்சு வருவாங்கல்ல, துவட்டணும்" என்றாள். அதட்ட வேண்டியவன் நான். அதற்குள் "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் தாத்தா" என்று என்னையே கேட்டுவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். அரைமணி நேரம் இரண்டு பேரும் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரிடமும் சொல்லாதே, திரை ஒரு தடவை பளிச்சென்று மின்னியபோது நான் எழுந்து நின்றுவிட்டேன்.

கடைக்காரர் போனைக் கவிழ்த்துப் பார்த்து, "சோப்பும் போட்டீங்களா சார்" என்றார். புதுப் போன் வாங்கிவிட்டேன், ஆனால் அவள் பெட்டியைத் திறக்கவிடவில்லை. நீ வெளியே வந்துவிட்டாயாம். "தூரம்ல, நடந்து வர்றாங்க. இதுல கூப்பிட்டா திரும்ப மாட்டிக்குவாங்க" என்கிறாள். தினமும் பள்ளி விட்டு வந்ததும் துண்டோடு வாசற்படியில் உட்கார்ந்துவிடுகிறாள். அப்படி இல்லையம்மா என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சிலந்திக்கே கண்ணை மூடியவன்தானே.

நீ அவ்வளவு தூரம் வேலைக்குப் போன இந்த இரண்டு வருஷமாக உன்னை வா என்று நான் கேட்டதில்லை. உன் வேலைக்கு இடைஞ்சல் என்பேன். நீ முடியாது என்று சொன்னால் தாங்கமாட்டேன் என்பதுதான் நிஜக் காரணம். இப்போது கேட்கிறேன், நாலு நாளாவது வந்துவிட்டுப் போ. வரமுடியாதென்றால் அதையும் எழுது, நானே அவளிடம் சொல்கிறேன். எப்படிச் சொல்வது என்று ஏழெட்டு விதமாக எழுதிப் பார்த்தேன், ஒன்றும் சரியாக வரவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். வருவதானால் ஒன்றை மட்டும் மறக்காதே. வாசலுக்கு வருமுன் தலையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொள். துண்டு தயாராக இருக்கிறது.

என்றும் உன் நினைவில்,
அப்பா